வளைவில் நட்ட செங்கல்

வெள்ளையம்மாள் அக்கா என் பெரியம்மாவின் மகள். குண்டடத்துக்குப் பக்கத்தில் வீடு. பதினெட்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே எடுத்து வைக்க வேண்டும். புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகள் தரணியை வளர்த்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் தரணியும் வேறொரு கம்பெனிக்குத் தையலுக்குப் போனாள்.

போன தை மாதம், அந்தக் கம்பெனி வேன் வளைவில் திரும்பும்போது கதவு திறந்துகொண்டது. உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றிருந்த தரணி ரோட்டில் விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தங்கவில்லை. பத்தொன்பது வயது.

கதவின் தாழ்ப்பாள் உடைந்து மூன்று மாதமாகியிருந்தது. பனியன் வேஸ்ட் துணியால் கட்டித்தான் வேன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பதினான்கு பெண்களுக்கும் இது தெரியும். ஆனால் போலீஸ் எழுதியதில், பெண் தானாகவே கதவைத் திறந்ததாக இருந்தது. வேனில் வந்த யாராவது ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து உள்ளதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் வக்கீல். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கையெழுத்துத்தான். யாரும் வரவில்லை.

"எம்புள்ள அவளா உழுகல. அது எழுத்துல வரோணும், தம்பி" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வெளிநாட்டில், லெஸ்டரில் இருக்கிறேன். சில நாள் அவள் போனை எடுக்காமலும் இருந்திருக்கிறேன்.

ஆனி மாதம் லீவில் வந்தபோது, தரணி விழுந்த வளைவில் ஒரு செங்கல் நட்டிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். சுற்றிலும் கண்ணாடி வளையல்கள். நட்டது வேறு யாருமில்லை, அந்த வேன் பெண்கள்தான். சாவுக்கு மறுவாரம் ஒருத்திக்கு ஊசி விரலில் ஏறியது. இன்னொருத்தியின் கனவில் தரணி வந்து இடம் கேட்டாள். அதே வளைவில் வேன் இரண்டு தரம் நின்றுபோனது. அதன் பிறகு யாரும் தரணி என்று பெயர் சொல்வதில்லை. தாயி என்கிறார்கள்.

அக்கா அந்தப் பக்கம் கையெடுத்ததே இல்லை. "உசுரோட இருக்கறப்ப ஒக்கார ஒரு சீட்டு உடல. இப்பத் தனியா எடமே குடுத்துட்டாளுக" என்றாள்.

மனிதர் முதன்முதலில் எதைக் கும்பிட்டார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இடியையும் சூரியனையும் என்பார்கள் சிலர். செத்தவர்களை என்பார்கள் வேறு சிலர். செத்தவர் கோபத்தோடு திரும்பி வருவாரோ என்று பயந்து சோறு வைத்தார்கள். சோறு வைத்த உரிமையில் மழை கேட்டார்கள், பிள்ளை கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் ஆளின் முகம் மறந்துபோய் தெய்வம் மட்டும் மிஞ்சியது. இதை ஒரு புத்தகத்தில் படித்தபோது, இதற்கெல்லாம் எத்தனை நூறு வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த வளைவுக்கு ஐந்து மாதம் போதுமாக இருந்தது.

நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "போலீசுக்குப் பயந்து பேச மாட்டேங்கறாங்க. தரணிக்கும் பயப்படறாங்கல்ல? அவ முன்னாடி வெச்சுக் கேளுங்கக்கா."

"அப்ப நானும் அவளச் சாமிங்கோணும்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை, ஷிஃப்டுக்குப் போகும் வேன் வளைவில் நின்றது. பெண்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். தரணிக்குப் பக்கத்து மிஷினில் தைத்த கிருத்திகாவை அக்கா கைபிடித்து நிறுத்தினாள்.

"கண்ணு, இவ சாமிதான?"

"ஆமாங்கம்மா."

"சாமிகிட்டப் பொய் சொல்லலாமா?"

"கூடாதுங்க."

அக்கா செங்கல்லின் முன் கற்பூரத்தை ஏற்றினாள். "அப்பக் கற்பூரத்த அடிச்சுச் சத்தியமாச் சொல்லு. கதவ அவளாத் தொறந்தாளா?"

மற்றவர்கள் வேன் பக்கமாக நகர்ந்தார்கள். கிருத்திகா உள்ளங்கையால் தீயை அறைந்து அணைத்தாள்.

"இல்லீங்கம்மா. துணி அவுந்துருச்சு. முந்தின நாளு கட்டுனது நாந்தான். சரியாக் கட்டலீங்க. தாயி, என்ன மன்னிச்சுரு" என்று மண்ணில் விழுந்து அழுதாள். அக்கா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வருவதாகத் தலையாட்டிவிட்டுத்தான் அந்தப் பெண் வேன் ஏறினாள்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி வரை ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் வரவில்லை. அக்கா போன் போட்டாள். ஸ்பீக்கரில் கிருத்திகாவின் குரல் தெளிந்து, ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தது.

"நாந்தான் தாயிகிட்டயே சொல்லிட்டனேங்கம்மா. அவ மன்னிச்சுட்டா. அஞ்சு மாசத்துக்கப்புறம் இப்பத்தான் நல்லாத் தூங்கறேன். சாமிகிட்டச் சொன்னதுக்கு மேல போலீசுல எதுக்குங்க?"

அக்கா போனை என் கையில் கொடுத்தாள். வக்கீலைப் பார்க்கவும் வரவில்லை. "வளைவுக்கு உடு" என்றாள். ஸ்கூட்டர் நிற்பதற்குள் இறங்கி, செங்கல்லை நோக்கி விறுவிறுவென்று போனாள்.

"ஏண்டி தரணி, மன்னிச்சுட்டியாமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

அங்கே ஒரு பெண் மல்லிகைச் சரத்தைச் செங்கல்லுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் போலிருந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, பேரச் சொல்லிக் கூப்படாதீங்க. தாயிக்கு ஆகாதாமா." பிறகு அக்காவின் காலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "செருப்பக் கழட்டிட்டு வாங்க."

இவள்தான் பெற்றவள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள். அந்தப் பெண்ணையும் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செருப்பைக் கழற்றினாள்.