மோரில் போடவிருந்த உப்பு

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நூலுக்குச் சாயம் போடுகிறோம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பதறுவேன். மகள் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் வேதியியல் முதல் வருடம். முதல் வாரம் முழுக்க ஆய்வகத்தில் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார்களாம். படிப்பு வீணாகிவிடுமோ என்று எனக்குக் கவலை.

"இதுக்குத்தான் பஸ்ஸேறிப் போறியாக்கும்? நம்ம வீட்டு பாட்டிலுக்கும் ஒட்டு" என்றேன்.

"ஒட்டத்தான் போறேன்" என்றவள், அன்றே அடுப்படியிலும் கொட்டகையிலும் இருந்த எல்லா பாட்டிலுக்கும் ஒட்டினாள்.

மறுவாரம், வெயிலில் நூல் உலர்த்திவிட்டு வந்த கணவர் மோர் கேட்டார். அலமாரியில் கைக்குக் கிடைத்த பழைய ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, உப்பென்று கரண்டியில் அள்ளிவிட்டேன். விரலில் காகிதம் தட்டுப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'காஸ்டிக் சோடா. வாயில் பட்டால் வெந்துபோகும்.' இரண்டு நாள் முன்பு மழையில் சாயக் கொட்டகை ஒழுகியபோது நானே அங்கே கொண்டுவந்து வைத்து மறந்தது அது. கரண்டியில் இருந்ததைப் பாட்டிலிலேயே கொட்டி, இறுக மூடிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

சாயச் சாமான் எதையும் இப்போது வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. சாயங்காலம் மகள் வந்ததும், "இன்னைக்கு என்னம்மா சொல்லிக் குடுத்தாக?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி போடுகிறேன்.