மாமரத்தடியில் ஒரு வட்டம்

வேளாண்மைப் பயிற்சிக்காக எங்கள் நிலத்தின் வரைபடத்தைக் களத்துமேட்டில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்தோம். மாட்டுக் கொட்டகையிலிருந்து எருக்குழிக்கு, எருக்குழியிலிருந்து தக்காளிக்கு என்று உரம் போகும் வழிக்கு என் கணவர் அம்புக்குறி போட்டார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அந்தப் படத்தில் மாமரத்தடியில் ஒரு வட்டம் போட்டாள்.

“அங்க என்னடி இருக்குது?”

“கெணறும்மா. நான் குதிச்சா உள்ள தொம்முன்னு கேக்கும்.”

“இருக்கற கெணத்துலயே தண்ணியக் காணோம், உனக்கு இன்னொண்ணா?” என்று அவர் சிரித்தார்.

அது நாங்கள் விலைக்கு வாங்கிய நிலம். அங்கே கிணறு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. மனம் கேட்காமல் அவரை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கடப்பாரையால் குத்திப் பார்க்கச் சொன்னேன். மண்ணுக்கடியில் மட்கிக் கிடந்த கட்டையைத் துளைத்துக்கொண்டு கடப்பாரை அவர் கையைவிட்டுப் போனது. சற்றுப் பொறுத்து, கீழே தண்ணீரில் விழும் சத்தம் வந்தது.

துளையைச் சுற்றி மகள் தினமும் பாண்டி ஆடிய கட்டங்கள் இருந்தன. கூடவே வந்திருந்த அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை இறக்கவில்லை.