அத்தையின் பூச்சி

அந்தப் பூச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய என் மூன்று நாட்களை அது தின்றுவிட்டது. வேறு எதையும் அது தின்னவில்லை.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். வெள்ளையடிக்க அப்பா மில்லுக்கு லீவு போட்டு, சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார். காலையில் பார்த்தால் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய அந்துப்பூச்சி. என் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தாலும் மூட முடியாத அளவு. இறக்கைக்கு ஒன்றாக நான்கு கண்கள். அப்பா துடைப்பத்தை எடுத்தார். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் கடலூரில் இருந்தவள், அந்த ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்துமஸ் வந்தும் திரும்பிப் போகவில்லை. அவளுக்கு நீளமான லீவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வயித்தப் பாருண்ணா, நெறமாசம். இப்பப் போயி வெரட்டுவியா?"

"பூச்சிக்கு என்னாடி நெறமாசம்? அங்க சுண்ணாம்பு காயுது."

சொன்னாரே தவிர, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். மற்ற மூன்று சுவர்களையும் வெள்ளையடித்தார். நான்காவது காத்திருந்தது.

அதன்பின் வீட்டில் பூச்சி ராஜ்ஜியம். ஃபேன் போடக் கூடாது. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். பல்லியை விரட்டும் வேலை எனக்கு. தெருப் பையன்கள் எல்லாம் குடில் கட்ட வைக்கோல் தேடி அலைய, நான் கையில் குச்சியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பூச்சிக்குப் பசிக்குமாம். பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து அதன் தலைக்கு நேராக ஒட்டினாள் அத்தை. பூச்சி சீந்தவில்லை, எறும்புதான் வந்தது. எறும்பை நிறுத்த மஞ்சள்தூள் தடவினாள். புதுச் சுண்ணாம்பில் மஞ்சள் கோடு. இந்த ஜாதிப் பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது, அதன் புழுதான் பாதாம் இலை தின்னும் என்று போன மாதம் என் மகள் போனைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மஞ்சள் கோட்டைப் பார்த்து அம்மா வெடித்தாள். "வந்தவங்க எப்பதான் கெளம்புவாங்களோ!" சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு பஞ்சை மாற்றினாள்.

மூன்றாம் நாள் காலை அத்தை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். பூச்சி தரையில் செத்துக் கிடந்தது. சுவரில் ஜவ்வரிசியை வறுத்து ஒட்டியதுபோல் பழுப்பாக வரிசை வரிசையாக ஏதோ இருந்தது. போகிறபோதும் அசிங்கம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறது. அப்பா பார்த்தால் அத்தையைத்தான் திட்டுவார். ஈரத்துணி எடுத்தேன். லேசில் வரவில்லை. கரண்டிக் காம்பால் சுரண்டி, எல்லாவற்றையும் வாரிக் கால்வாயில் கொட்டி, பூச்சியையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அத்தை வேகமாக வந்தாள். முந்தானையில் கோயில் பாதாம் மரத்து இலைகள், ஒரு மடி நிறைய.

"எங்கடா?"

"தொடச்சிட்டேன் அத்த. ஒண்ணு வுடல."

அவள் சுவரையே பார்த்தாள். "நல்லா தொடச்சிருக்கடா" என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "அண்ணா, நீ வெள்ளையடிச்சிக்க."

அப்பா அசையவில்லை. மூன்று நாளும் பூச்சியைத் திட்டித் தீர்த்த அம்மாதான் ஓடிவந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். பல்லி விரட்டியதும் நான், சுவரைத் துடைத்ததும் நான், அடி வாங்கியதும் நான். என்ன வீடு இது என்றிருந்தது.

சாயங்காலம் ஒருவழியாகக் குடில் கட்டினோம். பாலன் இயேசுவைக் கிடத்தும் இடத்தில் நான் பரப்பிய வைக்கோலின்மேல் அத்தை அந்தப் பாதாம் இலைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"வைக்கோல்தான் போடணும், எல எதுக்கு?" என்று அவளிடம் சண்டை போட்டேன். கேட்கக் கேட்க அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.