மியூரியலின் மேக்னெட்டோ

என் மனைவி மியூரியல் கார்பட்டுக்கு இயந்திரம் என்றால் உயிர். அதற்கு அடுத்தபடிதான் நான். யார்க்‌ஷயரில் பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள், சாயங்காலமானால் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவாள். அங்கே நிற்பது 1926-ஆம் வருடத்துக் கார். அதற்கு உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. சேற்று வயலில் கூடும் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்து, நாமேதான் புதுப்பிக்க வேண்டும்.

மூன்று வருடம் ஓடாத வண்டியின் பெயரை எங்கள் பழைய கார் சங்கம் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும். செப்டம்பர் கடைசி ஞாயிறு, கார்கள் மலைச்சாலை ஏறும் ஓட்டத்தில் ஓடாவிட்டால் எங்கள் வண்டிக்கும் அதே கதி. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ செத்துக் கிடந்தது.

சந்தையில் ஒரு பெட்டிக்குள் இரண்டு மேக்னெட்டோக்கள் இருந்தன. மியூரியல் கை நீட்டும்போதே எங்கள் சங்கத்து டெஸ்மண்ட் த்வெய்ட்டும் கை நீட்டினார். அவர் வண்டிக்கும் அதே ஞாயிறுதான் கெடு. சங்கத்தில் பெண்கள் டீ ஊற்றினால் போதும் என்பது அவர் கட்சி.

"பார்த்து எடும்மா, அது டீ கெட்டில் இல்ல."

"நீங்க முதல்ல கண்ணாடியத் தொடைங்கய்யா!" என்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். மற்றதை அவர் அள்ளிக்கொண்டார்.

முடி போன்ற செம்புக் கம்பியை நாள்கணக்கில் சுற்றி, வார்னிஷ் பூசி, சமையலறை அடுப்பில் உலர்த்தினாள். அந்த வாரம் முழுக்க எனக்கு ஆறிப்போன ரொட்டிதான் சாப்பாடு. வியாழக்கிழமை வண்டியில் மாட்டினாள். வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி எனக்குத் தோள் கழன்றது. வண்டி தும்மியதோடு சரி.

விளக்கைப் பிடித்து, மேக்னெட்டோவில் பொறித்திருந்த அம்புக்குறியைப் பார்த்தாள். சுழலும் திசையைத் தண்டுப் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும். சந்தையில் அவசரத்தில் மூடிப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பவளே இவள்தான்!

"இது இடஞ்சுத்து. நமக்கு வேணும் வலஞ்சுத்து. பிரிச்சு மாத்த நாள் இல்ல. கோட்டை எடு, டெஸ்மண்ட் வீட்டுக்குப் போறோம்."

"அந்த ஆளுகிட்டயா? சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவான்."

"காட்டட்டும். அதுக்காக வண்டி பேரை விட்டுருவேனா?"

கதவைத் திறந்த டெஸ்மண்டிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "தப்பான பக்கம் பார்த்து வாங்கிட்டேன். உங்க வண்டிக்கு இடஞ்சுத்துதானே? உங்களுது ஓடுதா?"

வண்டி ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் பெயிண்ட் காய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் காது சிவந்துவிட்டது.

"ஓடல," என்றார் தரையைப் பார்த்து. "நானும் அதே பக்கம்தான் பார்த்திருக்கேன் போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. மியூரியல் என் காலை மிதித்தாள். அங்கேயே அவருடையதைப் பிரித்து, கருகிய முனைகளைத் தேய்த்துச் சரிசெய்தாள். வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த, தான் சுற்றியதை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளும் உச்சிவரை ஏறின. சங்கச் செயலாளர் இரண்டு பெயர்களுக்கும் நேரே குறியிட்டுவிட்டு, டெஸ்மண்டின் வண்டியைச் சுற்றிவந்தார்.

"இன்ஜின் அருமையா ஓடுதேய்யா! மேக்னெட்டோவை எந்தக் கடையில சரிபண்ணினீங்க?"

டெஸ்மண்ட் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கூட்டமே நின்றுகொண்டிருந்தது.

"கடை இல்ல. மியூரியல் சுத்தினது. நான் தப்பா வாங்கிட்டு வெளிய சொல்ல வெக்கப்பட்டு உக்காந்திருந்தேன். அவங்கதான் தன் தப்பை முதல்ல வந்து சொன்னாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மியூரியலோ கையிலிருந்த எண்ணெய்த் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.