ஏரிக்கரைக்குக் கேட்காத கிடார்

1. கேசட் வந்தது

சிகரெட் அட்டையில் நான் எழுதிக் கொடுத்த நாலு வரியால் ஒருவனுடைய பிழைப்பு போகப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் காதர் பாயின் சவுண்ட் சர்வீஸில் நான் ஆபரேட்டர். சுற்றுவட்டாரத்து ஆர்கெஸ்ட்ராக்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் மைக் செட் போடுவோம். அதனால் யாரைக் கூப்பிடலாம் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது.

அப்போது நாலு ஆர்கெஸ்ட்ராவிலிருந்து ஆளுக்கொரு கில்லாடி கழன்று வந்து ஒரு ராக் குரூப் ஆரம்பித்தார்கள். தலைவர், ஜெயங்கொண்டம் பாடகர் மோகன். டிரம்ஸ் அரியலூர், லீட் கிடார் பெரம்பலூர். பேஸ் கிடார் குரும்பலூர் செல்வம். இதற்காகவே சிமெண்ட் ஃபாக்டரி வேலையை விட்டிருந்தான். திருச்சியில் எட்டுப் பாட்டு பதிவு செய்து, காப்பி போடுவதற்கு முன் முதல் கேசட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள்.

“ஒளிக்காம சொல்லுங்கண்ணே. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு” என்றார் மோகன். இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது?

2. தீர்ப்பு

எங்கள் கடையில் சோதனைக்கு ஒரே வழிதான். மொட்டை மாடியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கேசட்டை ஓடவிட்டு, ஏரிக்கரைவரை நடப்பேன். அங்கேயும் வார்த்தை புரிந்தால் கேசட் தேறிவிட்டது என்று அர்த்தம். அன்றும் போய் நின்று, காதைத் தீட்டிக் கேட்டு, அட்டையில் எழுதினேன். பாட்டு: பிரமாதம். லீட்: பிரமாதம். டிரம்ஸ்: வேகம். பேஸ்: ஆள் வாசிக்கவே இல்லை.

மோகன் அட்டையைச் செல்வத்திடம் நீட்டினார். “ஏரிக்கரை வரைக்கும் எங்க மூணு பேரோடதும் கேட்டிருக்கு. ஒன்னோடது எங்கடா போச்சு? பொங்கல் கச்சேரிக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்.”

மறுநாள் செல்வம் தனியாகக் கடைக்கு வந்தான். இடது கை விரல்களை மேசைமேல் விரித்தான். நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

“எட்டுப் பாட்டுக்கும் வாசிச்சிருக்கேண்ணே. இந்த விரலப் பாருங்க.”

“விரலு எனக்கு எதுக்குப்பா? காதுல வுழலையே” என்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

3. ஹம்

அதே வாரம் ஆண்டிமடத்துக்காரர் ஒருவர், துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஸ்பீக்கர் வைத்த டேப் ரிக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்தார். பெல்ட் மாற்றி, சும்மா பார்ப்போமே என்று மேசைமேல் கிடந்த அந்த ராக் கேசட்டைப் போட்டேன். அடியில் ‘டும்ம்’ என்று ஓர் இரைச்சல். கரண்ட் கோளாறில் ஹம் அடிக்கிறது என்று செட்டைக் கழற்றினேன். எர்த் ஒயரைப் பற்றவைத்தேன். மறுபடி ஹம். மறுபடி கழற்றினேன். மூன்றாவது முறைதான் உறைத்தது: பாட்டு மாறினால் இந்த ஹம்மும் மாறுகிறது, பாட்டு நின்றால் நிற்கிறது. நான் இவ்வளவு நேரம் ரிப்பேர் பார்த்தது செல்வத்தின் கிடாரை.

குழாய் ஸ்பீக்கரில் கீழ்ச்சத்தம் வராது. பேஸ் கிடாரோ முழுக்கக் கீழ்ச்சத்தம். பத்து வருஷமாகக் குழாயே கட்டியவன், அதில் வராதது உலகத்திலேயே இல்லை என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அடியில் அது நேராக ஓடவும், மோகன் எங்கெங்கே சுருதி நழுவினார், டிரம்மர் எங்கெங்கே தாளத்தை விட்டு ஓடினார் என்பதெல்லாம் பட்டவர்த்தனமாகிவிட்டது. எட்டுப் பாட்டிலும் ஒழுங்காக வாசித்தவன் செல்வம் ஒருவன்தான்.

பாயிடம் சொன்னேன். “பேசாம வுட்டுடு. தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் நம்மகிட்ட கேட்டு வருவான்?” என்றார். அந்தப் பயத்தில் நானும் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள் சோற்றைப் பிசையும்போது அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. ஆண்டிமடத்துக்காரரிடம் ‘டெஸ்டிங் முடியலை’ என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவருடைய செட்டை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

4. மறு தீர்ப்பு

குரூப் ஓர் அரிசி மில் ஷெட்டில் ஒத்திகை பார்க்கும். செல்வமும் கிடாரைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான்; அது குரூப்புக்கு வாங்கியது. “நான் எழுதினது தப்பு” என்று சொல்லிவிட்டு கேசட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டில் டிரம்மர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். மோகன் நாலாவது பாட்டுவரை தாக்குப்பிடித்தார்.

“செட்டு கோளாறா இருக்குமோண்ணே?”

“பெல்ட்டு நான் மாத்துனது. செட்டு சரியாத்தான் இருக்கு.”

வெகுநேரம் தலையைச் சொறிந்தார். “சரி, செல்வம் இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நம்ம கச்சேரிக்குப் பொட்டியெல்லாம் வேணாம். கொழாயே கட்டிடுங்க.”

பாய்க்கு ஏகப்பட்ட சந்தோஷம். கடையில் இருந்ததே குழாய்தான்.

அதன்பிறகு யார் அபிப்பிராயம் கேட்டாலும், எதில் கேட்டேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எப்படி இருந்தது என்று சொல்வேன். இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மறுநாள் மதியம் அரியலூரில் கச்சேரி. எட்டுக் குழாய் கட்டினோம். மோகன் பாட்டு ஊரைத் தாண்டிப் போனது. செல்வம் மேடை ஓரத்தில், தனக்கென்று வைத்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரை ஒட்டி நின்று வாசித்தான். நான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கேக்குதாண்ணே?”

“கேக்குதுடா.”

குழாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆபரேட்டர் நான். எட்டாவது பாட்டு முடியும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.