ருதைனாவுக்குச் சொல்லாத திங்கட்கிழமை

மஃப்ரக் நகரில் எங்கள் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஒருநாள்தான் வரும். அன்று மொட்டைமாடித் தொட்டி ஒழுகினால் அந்த வாரமே போச்சு. பாதி வீடுகளில் ஆண்கள் லாரி ஓட்ட அகபா துறைமுகத்துக்குப் போயிருப்பார்கள். ஆண் இல்லாத வீட்டுக்குள் பிளம்பர் வரமாட்டான். வந்தால் தெரு பேசும். அதனால் பெண்களுக்கே அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் பணம் தந்தது. ஹியாம் அதில் படித்தவள்.

ஒரே வருடத்தில் நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. கூடப் படித்தவர்கள் வீட்டோடு இருந்துவிட, ஹியாம் மட்டும் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள். என்னையும் இன்னும் நான்கு பேரையும் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தாள். வசதி உள்ளவர்கள் கூலி தருவார்கள். விதவைகளிடம் வாங்க மாட்டோம். ஆறு வருடத்தில் இருபத்திரண்டு பேரானோம்.

போன வருடம் தலைநகர் அம்மானில் ஒரு கூட்டத்தில் பேச அவளைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன்.

"இந்த மாதிரி முயற்சியெல்லாம் நம்ம நாட்டுல இப்ப ஏன் இவ்வளவு முளைக்குது?" என்று மேடையில் ஒருவர் கேட்டார்.

"தண்ணி இல்ல. படிச்ச பொண்ணுங்களுக்கு வேலை இல்ல. அரசாங்கத்தால எல்லா வீட்டுக்கும் வந்து பார்க்க முடியல. உதவி பண்றவங்க வர்றாங்க, போயிடுறாங்க. அப்புறம் நாங்களேதான பார்த்துக்கணும்?"

கைதட்டல் அடங்கியதும் அவர், "உங்களுக்கு அந்தப் பயிற்சி எப்படிக் கிடைச்சுது?" என்றார்.

"அதிர்ஷ்டம்," என்றாள் ஹியாம். அதற்குப் பிறகு அவள் பேச்சில் உயிரே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள். "நான் பொய் சொன்னேன் ஸுமைய்யா," என்றாள்.

பயிற்சியில் கடைசியாக ஓர் இடம் இருந்திருக்கிறது. ஹியாமும் பக்கத்து வீட்டு ருதைனாவும் பெயர் கொடுத்திருந்தார்கள். ருதைனாவிடம் போன் இல்லை. திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் நேர்முகத்துக்கு வரவேண்டும் என்று ஹியாமின் போனுக்குத்தான் தகவல் வந்தது. ருதைனா வெறும் சமையல் கத்தியை வைத்தே குழாயைச் சரிபண்ணுகிறவள். அவள் வந்தால் தனக்குக் கிடைக்காது என்று ஹியாமுக்குத் தெரியும். சொல்லவில்லை. தனியாகப் போனாள். தன்னைக் கூப்பிடவே இல்லை என்று ருதைனா நினைத்துக்கொண்டாள்.

ருதைனா ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். தினமும் பத்து மணி நேரம் நின்று நின்று அவள் கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டிருப்பது தெருவுக்கே தெரியும்.

"அவ நொண்டிக்கிட்டுப் போறத ஜன்னல் வழியா தினமும் பார்க்கிறேன்டி. பார்க்காம இருக்கவும் முடியல."

"போய்ச் சொல்லிடு," என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போனோம். ருதைனா மரமியா என்ற மூலிகை இலை போட்டுத் தேநீர் கொண்டுவந்தாள். "என்ன, ரெண்டு முதலாளியும் சேர்ந்து வந்திருக்கீங்க? என் வீட்டுக் குழாய் ஒழுகலையே!" என்று சிரித்தாள்.

ஹியாம் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். ருதைனாவின் சிரிப்பு நின்றது.

"அந்தத் திங்கட்கிழமையா? உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, அன்னிக்கா?"

ஹியாம் தலையாட்டினாள்.

"உன் பையனுக்குக் காய்ச்சல். மத்தியானம் வரைக்கும் மடியில போட்டு நான்தான ஈரத்துணி மாத்திக்கிட்டு இருந்தேன்! நீ வந்ததும், அம்மா எப்படியிருக்காங்கன்னு வேற கேட்டேன்."

இதை என்னிடம்கூட ஹியாம் சொல்லியிருக்கவில்லை.

"நாளைக்கே சங்கத்துக்கு வந்துடு அக்கா. என் இடத்தையே எடுத்துக்கோ. நான் விலகிக்கிறேன்," என்று அழுதாள் ஹியாம்.

"உன் மனசு ஆறணும்ங்கிறதுக்காக நான் வரணுமா? தேநீரக் குடிச்சிட்டுக் கிளம்பு."

நாங்கள் தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தோம்.

அதன்பின் ஹியாம் யார் கூப்பிட்டாலும் மேடைக்குப் போவதில்லை. புதிதாகப் பெயர் கொடுக்கிற பெண்களுக்குப் போனில் தகவல் சொல்வதையும் விட்டுவிட்டாள். ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். ஒருத்தி கோபித்துக்கொண்டு சங்கத்தையே விட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்து ருதைனா சங்க அலுவலகத்துக்கு வந்தாள். ஹியாமைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து, "வேலை கத்துக்கணும். கால் தாங்கல, அதான் வந்தேன். யாரையும் மன்னிக்க வரல," என்றாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுக்க அதிகம் இருக்கவுமில்லை. இரண்டே மாதத்தில் எங்கள் எல்லோரையும் விட அவள் கை சுத்தமாக வேலை செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹியாமின் முகம் இன்னும் வாடியது.

இருவரையும் ஒரே வீட்டு வேலைக்கு நான் அனுப்புவதில்லை.

இந்தப் பெருநாளுக்கு ருதைனா பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தை எங்கள் எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள், ஹியாம் வீட்டைத் தவிர. அன்று மாலை ஹியாம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாம் ஸுமைய்யா. இது அவ எனக்குக் கொடுத்ததில்ல," என்றாள்.