முப்பத்தொன்றாம் எண்

ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஐஸ்பெட்டி" என்றால் திரும்பிப் பார்ப்பார். நோயாளிகளின் ரத்தமும் சிறுநீரும் உறைந்து கிடக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்களுக்கு இருபத்தாறு வருடம் அவர்தான் காவல். தினமும் மூன்று முறை வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதுவார். எழுத்து கல்லில் வெட்டியதுபோல் இருக்கும்.

அவர் இறந்த மறு வருடம், மகள் அதே நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தாள். நாற்பது பேருக்கு இரண்டு இடம். நேர்முகத் தேர்வில் பழைய சிறுநீரக ஆய்வு ஒன்றின் தரவை அலசிக் காட்ட வேண்டும். அதைக் கொடுத்த பேராசிரியர்தான், இடம் கிடைத்தால் அவளுக்கு நெறியாளர்.

அந்த ஆய்வு அவளுக்குத் தெரியும். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் போதவில்லை என்றதும் அப்பா ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிவிட்டு வந்தார்.

"இனிமே நான் முப்பத்தொண்ணாம் நம்பர் ஆரோக்கியசாலி. பாத்து நடந்துக்க."

"மாட்டுக்குக்கூடத்தான் நம்பர் போடுறாங்க," என்றாள் அம்மா.

மூன்று வருடம் ரத்தம் கொடுத்தார். தரவில் முப்பத்தொன்று இருந்தது. கிரியேட்டினின் முதல் வருடம் 1.1, அடுத்து 1.6, பிறகு 2.4. சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் அளவு அது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "நீக்கம். ரத்த மாதிரி கெட்டிருக்கலாம்."

அவளுக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. "பெட்டி மேல பழி விழுந்துடுச்சும்மா," என்று அப்பா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். கெட்டது யாருடைய மாதிரி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தார், பனியைச் சுரண்டினார். ஃப்ரீசரில் குறையே இல்லை. கால் வீங்குகிறது என்று சொன்னதும் அப்போதுதான்.

"நாள் முழுக்க நின்னா வீங்காம என்ன செய்யும்பா?" என்றாள், உயிர்மருத்துவம் படித்த மகள்.

தேர்வுக்கு முந்தைய நாள் பேராசிரியர் கூப்பிட்டார். "அந்த ஒண்ணு மட்டும் ஒட்டாம நிக்கும். தூக்கிடு. கோடு அழகா வரும்."

அவள் தூக்கவில்லை. மறுநாள் தேர்வறைத் திரையில் முப்பத்தொன்று தனியாக நின்றது.

"எடுக்கச் சொன்னேனே?" என்றார் பேராசிரியர்.

"மாதிரி கெடல சார். குறிப்பேட்டைப் பாத்தேன். மூணு வருஷமும் ஃப்ரீசர் சரியாத்தான் இருந்திருக்கு."

வெளியிலிருந்து வந்திருந்த பெண் தேர்வாளர் நிமிர்ந்தார். "அப்ப அந்த ஆளுக்கு நோய்ங்கிறியா?"

"ஆமா மேடம். போன வருஷம் ரெண்டு சிறுநீரகமும் போய் இறந்துட்டார். எங்கப்பா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐஸ்பெட்டியா?"

அவள் தலையாட்டினாள். "இதே குறிப்போட இன்னும் ரெண்டு நம்பர் இருக்கு சார். அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பேர் உங்ககிட்டதான் இருக்கும்."

"அவங்களுக்குச் சொன்னீங்களா?" என்று தேர்வாளர் பேராசிரியரைக் கேட்டார். அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் வந்து பத்தாம் நாள் பேராசிரியர் கூப்பிட்டார்.

"ஒருத்தரைக் கண்டுபிடிச்சிட்டோம்மா. நாளைக்குப் பரிசோதனைக்கு வர்றார்."

"இன்னொருத்தர் சார்?"

"வீடு மாறிட்டாராம். தேடுறோம்."

"எத்தனாம் நம்பர்? பேரும் சொல்லுங்க, நானும் தேடுறேன்," என்று பேனாவை எடுத்தாள்.